பள்ளிப்பை அளவில் ஒரு கடல்

ஒரு நிமிடக் காணொளியில் எல்லாம் எளிதாகத்தான் தெரிகிறது. மேசைமீது ஒரு கண்ணாடித் தொட்டி. மணலைக் கொட்டுகிறார்கள், பாறையை அடுக்குகிறார்கள், நீரை ஊற்றுகிறார்கள். அடுத்த காட்சியில் நீல விளக்கின்கீழ் பச்சையும் ஆரஞ்சுமாகப் பவளங்கள் அசைகின்றன. நடுவே ஒரு கோமாளி மீன் நீந்துகிறது. அந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையே குறைந்தது இரண்டு மாதம் கடந்திருக்கும். அதைக் காணொளி காட்டுவதில்லை. காட்டுவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதும் உண்மைதான். அந்த நாள்களில் பெரும்பகுதி, தொட்டிக்குள் பாறையும் நீரும் மட்டுமே இருக்கும்.

வீவக வீட்டில் படிப்பு மேசையின் ஓரத்திலேயே வைத்துவிடக்கூடிய 20, 30 லிட்டர் கடல்நீர்த் தொட்டிகள் இளையர்களிடையே விருப்பமான பொழுதுபோக்காகி வருகின்றன. இடம் குறைவு, செலவும் குறைவு என்பதால், தொடங்குவதற்குச் சிறிய தொட்டிதான் ஏற்றது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. தொட்டி சிறுக்கச் சிறுக்க வேலை கடினமாகிறது. அதற்கான காரணத்தை ஒரு சிறு கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

700 கிராம் உப்பின் கணக்கு

கடல்நீரில் ஏறக்குறைய ஆயிரத்தில் 35 பங்கு உப்பு. அப்படியென்றால் 20 லிட்டர் தொட்டியில் சுமார் 700 கிராம் உப்பு இருக்கும். நீர் ஆவியாகும்போது உப்பு கூடவே போவதில்லை. அது தொட்டியிலேயே தங்கிவிடும். நம் தட்பவெப்பத்தில், நீர்ப்பரப்பின்மீது ஒரு சிறிய மின்விசிறி ஓடினால், நாளொன்றுக்கு அரை லிட்டர் நீர் குறைவது சாதாரணம்.

டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு வாரம் பினாங்குக்குச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரும்பும்போது தொட்டியில் மூன்றரை லிட்டர் குறைந்து, 16.5 லிட்டர்தான் மிஞ்சியிருக்கும். உப்பு அதே 700 கிராம். வகுத்துப் பாருங்கள்: 35ஆக இருந்த உப்பளவு 42ஐத் தாண்டியிருக்கும். பவளமும் இறாலும் நத்தையும் இத்தகைய மாற்றத்தைத் தாங்குவது அரிது.

இதே கணக்கை 200 லிட்டர் தொட்டிக்குப் போடலாம். பெரிய தொட்டியில் நீர்ப்பரப்பும் பெரிது. ஆகவே நான்கு மடங்கு, அதாவது வாரத்தில் 14 லிட்டர் ஆவியானது என்றே கொள்வோம். 7,000 கிராம் உப்பு 186 லிட்டரில் கரைந்திருக்கும், உப்பளவு 37.6. நல்லதில்லைதான், ஆனால் உயிர்கள் பிழைத்துக்கொள்ளும். உப்புக்கு மட்டுமன்று, வெப்பத்துக்கும் கழிவுக்கும் இதே விதிதான். பெரிய தொட்டி நம் கவனக்குறைவை மெல்ல விழுங்கிக்கொள்ளும். சிறிய தொட்டி மறுநாளே கணக்கைக் காட்டிவிடும்.

எனவே சிறிய தொட்டி வைத்திருப்பவரின் அன்றாட வேலைகளில் முதலாவது, குறைந்த அளவுக்கு நன்னீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்வது. நன்னீர் என்பதைக் கவனிக்கவும். குறைந்தது நீர் மட்டுமே. அங்கே உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மட்டத்தைக் குறிக்கத் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு துண்டு ஒட்டுநாடா போதும். மறதி அதிகமுள்ளவர்களுக்காக, மிதவை இறங்கியதும் தானாக நீர் நிரப்பும் சிறு கருவியும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், பணம் கொஞ்சம் மிச்சமிருந்தால் விலையுயர்ந்த விளக்குக்கு முன்னர் இதைத்தான் வாங்கவேண்டும்.

இடையில் வேறொரு விஷயம். நிரப்புவதற்காக வாளியில் எடுத்துவைக்கும் நன்னீரை மூடி வையுங்கள். அலையடிக்கும் உப்புத்தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிடாது. பக்கத்தில் அசையாமல் திறந்துகிடக்கும் வாளியில் தாராளமாக இடும். அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது தொட்டியைப் பார்க்கமாட்டார்கள், வாளியைத்தான் பார்ப்பார்கள்.

குழாய்நீரை ஏன் அப்படியே ஊற்றக்கூடாது

சிங்கப்பூர்க் குழாய்நீரை நேரடியாகக் குடிக்கலாம். அதில் கிருமிகள் வளராமல் இருக்கக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. நமக்குத் தீங்கில்லாத அந்த அளவு, மீனின் செவுளுக்கும் பவளத்தின் மெல்லிய திசுவுக்கும் தீங்கானது. ஓரிரவு வாளியில் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது நம் வீடுகளில் தங்கமீன் வளர்த்த காலத்துப் பழக்கம். குளோரமின் அப்படி எளிதில் பறந்துவிடுவதில்லை. அதைச் சிதைக்கும் மருந்துத் துளிகள் கடையில் உண்டு. ஆனால் குளோரமின் சிதையும்போது அம்மோனியா மிஞ்சும். அதுவும் நஞ்சு.

இதைத் தவிர, குழாய் வழியாகச் சிறிதளவு செம்பு, பாஸ்பேட், சிலிக்கேட் போன்றவையும் வரக்கூடும். செம்பு மிகக் குறைந்த அளவிலேயே இறால், நத்தை, பவளம் ஆகியவற்றைக் கொல்லும். பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் பாசிக்குத் தீனி. அதனால்தான் பவளத்தொட்டி வைத்திருப்போர், எதிர்சவ்வூடுபரவல் முறையில் வடிகட்டி, மிச்ச அயனிகளையும் பிசினால் நீக்கிய தூயநீரைப் பயன்படுத்துகிறார்கள். புதுநீர் தயாரிக்கும் ஆலைகளைப் பற்றிச் சமூகவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே பேரளவில் நடக்கும் அதே சவ்வு வேலைதான் இங்கே குளியலறைக் குழாயில் மாட்டிய கையளவுக் கருவியில் நடக்கிறது. 20 லிட்டர் தொட்டிக்கு அந்தக் கருவிகூட வேண்டியதில்லை. தூயநீரையும், கலந்து தயாராக உள்ள உப்புநீரையும் மீன்கடைகளில் கேனில் வாங்கலாம்.

சொந்தமாகக் கலப்பவர்கள் சமையல் உப்பைத் தொடவேண்டாம். கடல்நீரில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எனப் பலவும் குறிப்பிட்ட விகிதத்தில் உள்ளன. அதற்கென்றே செயற்கைக் கடலுப்பு கிடைக்கிறது. நீரில் உப்பைப் போட்டுச் சிறிய பம்ப்பால் பல மணி நேரம் சுழலவிட்டு, தெளிந்த பிறகு உப்பளவைப் பார்க்கவேண்டும். மீன் இருக்கும் தொட்டிக்குள் நேரடியாக உப்பைக் கொட்டுவது கூடவே கூடாது. உப்பளவைக் காண ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. ஒரு துளி நீரில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து அது உப்பைச் சொல்லும். இயற்பியலில் படிக்கும் ஒளிவிலகல், பரீட்சைத் தாளுக்கு வெளியே பயன்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

வாரத்துக்கு இரண்டு லிட்டர் நீரை மாற்றினால் போதும், அதாவது தொட்டியில் பத்து விழுக்காடு. அதற்கு 70 கிராம் உப்பு. ஆண்டு முழுவதற்கும் நான்கு கிலோவுக்குள் அடங்கிவிடும். கழிவை வெளியேற்றவும், பவளங்கள் எடுத்துக்கொண்ட கால்சியம் போன்றவற்றை ஈடுசெய்யவும் இந்த ஒரு வேலையே போதுமானது. சிறிய தொட்டிக்கு உள்ள உண்மையான சலுகை இதுதான். 200 லிட்டர்க்காரர் 20 லிட்டர் சுமக்கவேண்டும்.

முதலில் குடியேறுபவை கண்ணுக்குத் தெரியாது

இப்போது அந்த இரண்டு மாதத்துக்கு வருவோம்.

மீன் உண்ணும், கழிவை வெளியேற்றும், செவுள்வழி அம்மோனியாவையும் விடும். கடலில் அது கரைந்து காணாமற்போகும். தொட்டியில் போக வழியில்லை. கடல்நீர் சற்றுக் காரத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு 8.1 முதல் 8.4 வரை. அந்த நிலையில் அம்மோனியாவின் நச்சு வடிவம், அமிலத்தன்மையுள்ள நன்னீரில் இருப்பதைவிட அதிகப் பங்கில் இருக்கும். நன்னீர் மீன் வளர்த்த அனுபவத்தை நம்பி உப்புத்தொட்டியில் இறங்குபவர்கள் தடுமாறும் இடம் இது.

விடை பாக்டீரியாவிடம் இருக்கிறது. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் குறைந்த அளவில் பெரும் தீங்கு செய்யாது. வாராந்தர நீர்மாற்றத்தில் வெளியேறிவிடும். உயிரியல் நூலில் வரும் நைட்ரஜன் சுழற்சி என்ற அந்த வட்டப்படத்தின் ஒரு துண்டு இது. இந்த பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பதைவிடப் பாறையின் நுண்துளைகளிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டே வாழ்கின்றன. அவை மெதுவாகப் பெருகுபவை. போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், சில தொட்டிகளில் அதற்கும் மேல்.

அவை பெருக உணவு வேண்டுமே, மீன் இல்லாமல் அம்மோனியா எங்கிருந்து வரும்? ஈரச்சந்தையில் வாங்கிய பச்சை இறால் ஒன்றைத் தொட்டியில் போட்டு அழுகவிடுவது பழைய முறை. வீடு நாறும், அம்மா கேள்வி கேட்பார். அளவாக ஊற்றக்கூடிய அம்மோனியம் குளோரைடுக் கரைசல் இப்போது குப்பியில் கிடைப்பதால் அந்தச் சோதனை தேவையில்லை. ‘பலமான மீன்’ ஒன்றை முதலில் விட்டு, அதன் கழிவால் தொட்டியைத் தயார்செய்யலாம் என்று சிலர் இன்னும் ஆலோசனை சொல்வார்கள். ஓர் உயிரை நஞ்சில் நீந்தவிட்டு அது பிழைக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்த ஆலோசனையின் பொருள். கேட்காதீர்கள்.

சோதனைக் குழாய்களும் துளிமருந்துகளும் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து குறித்துவைக்கவேண்டும். வரைபடத்தாளில் புள்ளி வைத்தால் அம்மோனியா ஏறி இறங்குவதும், அதன்பின் நைட்ரைட் ஏறி இறங்குவதும், நைட்ரேட் உயர்வதும் மூன்று கோடுகளாக விழும். அம்மோனியாவை ஊற்றிய ஒரு நாளுக்குள் முதல் இரண்டும் சுழியத்துக்கு வந்தால், தொட்டி தயார். காரத்தன்மையை அளக்கும் பெட்டி உண்மையில் ஒரு டைட்ரேஷன்தான்: நிறம் மாறும்வரை துளித்துளியாக விட்டு எண்ணவேண்டும். வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வீட்டில் கிடைக்காது.

பாறையே வடிகட்டி என்ற இந்த எண்ணத்துக்கு நம் வட்டாரத்தோடு தொடர்பு உண்டு. 1960களுக்கு முன்னர் கடல்மீன் வளர்த்தவர்கள், செத்து வெளுத்த பவளக் கூடுகளை அலங்காரத்துக்கு வைத்து, தொட்டியை முடிந்தவரை ‘சுத்தமாக’ வைத்திருக்க முயன்றார்கள். இந்தோனீசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து உயிரோட்டமுள்ள பாறைகளை எடுத்துவந்து, இயற்கைக் கடல்நீரையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே வைத்துப் பவளங்களை வாழவைத்தார். 1961ல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் அந்த முறையை எழுதினார். இன்று உலகெங்கும் ‘லைவ் ராக்’ என்று விற்கப்படும் உயிர்ப்பாறையின் கதை அங்கிருந்து கிளைவிட்டது. இப்போது கடலிலிருந்து பாறையைப் பெயர்த்தெடுப்பதைத் தவிர்க்க, செயற்கையாகச் செய்த நுண்துளைப் பாறைகளையே பலர் வாங்கி, அதில் பாக்டீரியாவைக் குடியேற்றுகிறார்கள். நேரம் கூடுதலாகும், கடலுக்கு நல்லது.

சுழற்சி முடிந்தபின் தொட்டி அழகாக மாறும் என்று எதிர்பார்க்கவேண்டாம். முதலில் மணல்மேல் பழுப்புப் படலம், பிறகு பச்சைப்பாசி. எல்லாருக்கும் வரும். ஓரிரு நத்தைகளும் பொறுமையும் அதற்கு மருந்து.

30 டிகிரி வீட்டில்

மேலைநாட்டு வழிகாட்டிகளில் ‘ஹீட்டர் வாங்குங்கள்’ என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். நமக்கு அது வேண்டாம். நம் சிக்கல் எதிர்த்திசையில். குளிர்சாதனம் இல்லாத வரவேற்பறையில் பிற்பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தொடும். விளக்கும் பம்ப்பும் தொட்டிநீரை மேலும் சூடாக்கும். பெரும்பாலான பவளத்தொட்டிகளுக்கு 25 முதல் 27 டிகிரி உகந்தது.

பவளம் என்பது விலங்கு. அதன் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்து, தயாரித்த உணவில் பெரும்பகுதியை அதற்குக் கொடுக்கின்றன. நீர் அதிகம் சூடானால் இந்த உறவு முறிந்து, பவளம் பாசிகளை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெளுக்கும். வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும். நீடித்தால் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் இதுதான் நடந்தது. மேசைமீதுள்ள தொட்டியில் மின்விசிறி பழுதான ஒரு பிற்பகலில் நடப்பதும் அதுவே. வித்தியாசம் என்னவென்றால், தொட்டியில் விசிறியை மாற்றிவிடலாம்.

அந்தச் சிறு விசிறி எப்படி வேலை செய்கிறது? ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நாளுக்கு அரை லிட்டர் என்றால் 12 லட்சம் ஜூல். அதை ஒரு நாளின் வினாடிகளால் வகுத்தால் ஏறத்தாழ 14 வாட். அதாவது, ஓயாமல் எரியும் 14 வாட் சூட்டை விசிறி வெளியேற்றுகிறது. உங்கள் பம்ப்பும் விளக்கும் சேர்ந்து சராசரியாக அதற்கும் மேல் சூட்டைச் சேர்த்தால் விசிறி தோற்கும். ஆகவே பம்ப்பின் வாட் எண்ணை வாங்கும்முன் பாருங்கள். மழை நாளில் காற்றில் ஈரப்பதம் ஏறும்போது ஆவியாதல் குறைந்து, விசிறியின் பலனும் குறையும். நல்லவேளையாக அன்று வெயிலும் இருக்காது.

குளிர்விக்கும் இயந்திரம் வைத்தால் வெப்பம் சீராகும், ஆனால் விலையும் இரைச்சலும் மின்கட்டணமும் உண்டு. அது இல்லாமல் 30 வாட் விளக்கு எட்டு மணி நேரம், 5 வாட் பம்ப் நாள் முழுவதும், ஒரு சிறு விசிறி என்றால் நாளுக்கு அரை யூனிட்டுக்குள்தான் செலவாகும். யூனிட் 30 காசு என்று வைத்தால் மாதத்துக்கு நான்கைந்து வெள்ளி.

பலரும் கவனிக்காத ஒன்று: இரவில் குளிர்சாதனத்தைப் போட்டுப் பகலில் நிறுத்தும் படுக்கையறை. இரவில் 24, பகலில் 30 என்று நாள்தோறும் ஆடும் தொட்டியைவிட, எப்போதும் 28ல் நிற்கும் வரவேற்பறைத் தொட்டி பவளத்துக்கு நல்லது. சிங்கப்பூர்க் கடலே ஆண்டு முழுவதும் 27 முதல் 31 டிகிரிக்குள்தான் இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் மாதக்கணக்கில் நிகழ்வது.

யாரை உள்ளே விடலாம்

20 லிட்டர் தொட்டிக்கு என் பரிந்துரை: மீனே வேண்டாம், அல்லது விரலளவுகூட இல்லாத ஒரே ஒரு சிறு கோபி மீன். மென்பவளங்கள் இரண்டு மூன்று, துறவி நண்டு ஒன்று, நத்தைகள். இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் விளக்கு அணைந்த பிறகு கைவிளக்கோடு உட்கார்ந்து பாருங்கள். பாறைத்துளைகளிலிருந்து வெளிவரும் புழுக்களும் மணலளவு ஓடுடலிகளும், காசு கொடுத்து வாங்காத உயிர்கள், அங்கே ஓர் ஊரே நடத்திக்கொண்டிருக்கும்.

‘நீமோ’ கோமாளி மீனுக்கு 40 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். ‘டோரி’ என்ற நீலமீன் கடையில் கட்டைவிரல் அளவில் இருக்கும். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை, அதாவது உங்கள் தொட்டியின் நீளம். கடைக்காரர் தடுக்காவிட்டாலும் அதை வாங்கக்கூடாது.

தொட்டி 40 லிட்டருக்கு மேல் என்றால், என் தேர்வு கோமாளி மீனன்று. வெடியிறாலும் சிறு கோபி மீனும் கொண்ட இணை. இறாலுக்குப் பார்வை மிக மங்கல். நாள் முழுவதும் மணலைத் தோண்டி வளை அமைத்துக்கொண்டே இருக்கும். மீனுக்குக் கண் கூர்மை. வளைவாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போது அதன் உணர்கொம்பு மீனின் உடலைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்தென்றால் மீன் வாலை அசைக்கும். இரண்டும் வளைக்குள் மறையும். ஒரே வீட்டை இருவர் பங்குபோட்டு வாழும் இந்த ஏற்பாட்டை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பவளங்களில் மஷ்ரூம், தோல்பவளம், பச்சை நட்சத்திரப் பவளம் போன்ற மென்வகைகள் சிறு தவறுகளைப் பொறுக்கும். நீரில் கால்சியத்தை உறிஞ்சிக் கல்லெலும்பு கட்டும் கிளைப்பவளங்களை ஓராண்டு தள்ளிப்போடலாம்.

கடைகளில் மலிவாகவும் வண்ணமயமாகவும் கிடைக்கும் சோவாந்தஸ் வகைகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அவற்றில் சிலவும், அவற்றின் நெருங்கிய உறவான பாலிதோவாவும், பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சைக் கொண்டிருக்கலாம். அவை ஒட்டிய பாறையைச் சுத்தப்படுத்துவதாக எண்ணி வெந்நீரில் போட்டதால், ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் வெளிநாடுகளில் உண்டு. பாறையைக் கொதிக்கவைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கையில் காயம் இருக்கும் நாளில் தொட்டிக்குள் கைவிடவே வேண்டாம். வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் இந்த வகையை வாங்காமலிருப்பதே சரி.

மின்சாரத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பம்ப்பின் கம்பி, சுவரின் மின்துளைக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறிச் செல்லட்டும், கம்பிவழி வழியும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

அது எங்கிருந்து வந்தது?

கடையில் கேட்கவேண்டிய கேள்வி இது. கோமாளி மீன்களைப் பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்வது பல ஆண்டுகளாக நடக்கிறது. பண்ணையில் பிறந்ததை வாங்கமுடியும்போது கடலில் பிடித்ததை வாங்கக் காரணமில்லை. இந்தோனீசியாவின் சுலாவெசிக்கு அருகே பாங்காய் தீவுக்கூட்டத்தை மட்டுமே தாயகமாகக் கொண்ட பாங்காய் கார்டினல் என்ற மீன், தொட்டிக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதுவும் தொட்டியில் எளிதாகக் குஞ்சு பொரிக்கும் மீன். ஆண்மீன் முட்டைகளை வாயில் வைத்தே காக்கும். வேறு சில மீன்களைப் பிடிக்கச் சயனைடைப் பாறையிடுக்கில் பீய்ச்சும் வழக்கம், சட்டம் தடுத்தும் தென்கிழக்காசியாவில் முற்றாக ஒழியவில்லை. மயங்கிய மீன் கடைக்கு வந்துசேரும். சுற்றியிருந்த பவளம் அங்கேயே சாகும்.

கல்பவளங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதி வேண்டும். ஜோகூர்க் கடையில் மலிவாக இருக்கிறதென்று ஒரு துண்டைப் பைக்குள் வைத்துக் கடற்பாலம் தாண்டுவது விளையாட்டான காரியமன்று. நம் தீவுகளின் கரையிலிருந்து கல்லையோ பவளத்தையோ எடுத்துவருவதும் அப்படியே.

எதிர்த்திசையும் முக்கியம். தொட்டி சலித்துவிட்டால் உயிர்களைக் கடலில் விடுவது கருணையாகத் தோன்றும். 1984ல் மொனாக்கோவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலடியில் ஒரு சிறு திட்டாகக் கண்டறியப்பட்ட தொட்டிப்பாசி ஒன்று, பின்னர் மத்தியதரைக் கடலில் பெரும் பரப்பை மூடியது. நம் பகுதியின் சிங்கமீன் அட்லாண்டிக்கில் பரவியதற்கும் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணம் என்று கருதப்படுகிறது. சிங்கப்பூரில் அனுமதியின்றி வனவிலங்குகளை விடுவது குற்றம். கடையிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

தேசிய சேவைக்குப் போனால்?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் 17 வயது இளையர் இன்று ஒரு கோமாளி மீன் வாங்கினால், அது பத்தாண்டுக்கும் மேல் வாழக்கூடும். இடையில் தேர்வுகள், வேலைப்பயிற்சி, ஈராண்டு தேசிய சேவை, வெளிநாட்டுப் படிப்பு. பவளத்துக்கோ முதுமை என்று வரையறுத்த காலமே இல்லை. நிலைமை சரியாக இருந்தால் வளர்ந்துகொண்டே போகும். படைமுகாமில் இருக்கும் நாள்களில் தொட்டிக்கு யார் நீர் ஊற்றுவார் என்பதை மீன் வாங்கும்முன் வீட்டில் பேசவேண்டும். பாட்டியோ தம்பியோ ஒப்புக்கொண்டால், ‘இந்த ஒட்டுநாடா வரை, இந்த வாளியில் இருந்து, நாளுக்கு ஒருமுறை’ என்று தொட்டியின்மீதே எழுதி ஒட்டிவிடலாம். உணவு கொடுக்கும் பொறுப்பை மட்டும் எளிதில் ஒப்படைக்கவேண்டாம். அன்பு மிகுந்த கைகள் அதிகமாகத்தான் போடும். 20 லிட்டரில் மிஞ்சிய உணவு அம்மோனியாவாகிவிடும். வீட்டில் யாரும் முன்வராவிட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுப்பதும் நல்ல முடிவுதான்.

தொட்டி வைத்தவர்கள் ஓராண்டில் ஒரு திறனைக் கற்றிருப்பார்கள்: வளர்ந்த பவளத்தில் ஒரு துண்டை வெட்டி, சிறு கல்லில் ஒட்டி, புதிதாக வளர்ப்பது. சிங்கப்பூர்க் கடலில் 250க்கும் அதிகமான கல்பவள இனங்கள் வாழ்கின்றன. பத்தாண்டுக்கு மேல் நீளும் திட்டமாக 100,000 பவளங்களை நடும் முயற்சியைத் தேசியப் பூங்காக் கழகம் 2024 டிசம்பரில் தொடங்கியது. அங்கும் அடிப்படை வேலை இதுவே: துண்டுகளை நாற்றங்காலில் வளர்த்துப் பாறையில் நடுவது. தொண்டூழியர்களுக்கும் அதில் இடமுண்டு.

தொட்டி வைக்க இடமோ காலமோ இல்லாதவர்கள், 2024ல் மீண்டும் திறக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடல்பூங்காவுக்குச் செல்லலாம். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து படகு கிடைக்கும். கடல் நன்றாக வற்றும் நாளைப் பார்த்துச் செல்லுங்கள். தென்தீவுகளின் கரையோரத்தில் மஷ்ரூம் பவளமும் தோல்பவளமும் கடற்சாமந்தியும் கணுக்கால் ஆழ நீரிலேயே தெரியும். பாறைமேல் மிதிக்காமல், வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது நல்லது.